இரவு 9 மணி அழைப்பும் ஒரு தவக்காலமும்

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"அக்கா, எனக்கு 55 வயது. திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம் இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், 28 வயது, கட்டாரில் வேலை. ஒவ்வொரு தவக்காலமும் நான் நிறைய விடுவேன். 40 நாளும் இறைச்சி இல்லை, தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை, நாடகம் பார்ப்பதில்லை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு மட்டும். ஆனால் உயிர்த்த ஞாயிறு முடிந்து பார்த்தால் நான் அதே ஆள்தான். இந்த முறை தியானத்தில் சுவாமி, பற்றுகளை விட்டால்தான் உள்ளத்தில் சுதந்திரம் வரும் என்றார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. எனக்கு இருக்கிற ஒரே பற்று என் மகன்தான். இரவு 9 மணிக்கு அவன் கோல் எடுப்பான். 9.10 ஆனால் நெஞ்சு படபடக்கும். வட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தான் என்று திறந்து திறந்து பார்ப்பேன். போன மாதம் ஒப்பந்தத்தை இன்னும் 2 வருடம் நீட்டப் போகிறேன் என்றான். நான் 3 நாள் அவனோடு கதைக்கவில்லை. சுனாமியின்போது அவனுக்கு 7 வயது. கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் தங்கையைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு நான் கடற்கரைக்குப் போனதே இல்லை. பிள்ளையையும் விடு என்றா கடவுள் கேட்கிறார்? அப்படியென்றால் அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டாம்."

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கடைசி வரியில் கோபம் இருக்கிறது, அப்படி எழுதியதற்காக நீங்கள் பிறகு பயந்தும் இருப்பீர்கள். பயப்பட வேண்டாம். கடவுளிடம் முகத்துக்கு நேரே "எனக்கு வேண்டாம்" என்று சொல்கிறவள் அவரோடு உண்மையாகக் கதைக்கிறாள். இத்தனை வருடம் சீனியில்லாத தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இந்தத் தவக்காலத்தில்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அது நல்ல தொடக்கமாகவே படுகிறது.

கேட்டதற்கு நேரான பதில்: இல்லை. பிள்ளையை விடு என்று கடவுள் கேட்கவில்லை. பாசத்தைக் குறை என்றும் கேட்கவில்லை. பற்று என்ற சொல் காதில் விழும்போது பாசம், உறவு, குடும்பம் எல்லாம் ஒரே மூட்டையாக வந்து விழுகிறது, துறவைப் பற்றிக் கேட்டே வளர்ந்த காது நம்முடையது. ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பற்றுதல் என்றால் இறுகப் பிடித்தல். பாசம் நெஞ்சில் இருப்பது, பற்று கையில் இருப்பது. விடச் சொல்வது பிடியைத்தான்.

அதற்குள் போகும் முன் ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும், இதை உளவளத்துணையாளராகச் சொல்கிறேன், தியானம் கொடுக்கிறவளாக அல்ல.

நான் இந்த வேலைக்கு வந்ததே 2005இல், நம் கரையோர மக்கள் முகாம்களில் இருந்தபோது. சுனாமிக்கு முதல் நாள்தான் நத்தார், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போட்ட புது உடுப்போடு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அந்த முகாமில் ஒரு தாய் இரவில் தன் சேலைத் தலைப்பைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் படுப்பார். மாதக்கணக்காக. ஒருவரும் அவரைக் கட்டாதே என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. உங்கள் கடிதத்தில் "கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்" என்ற இடத்தில் எனக்கு அந்தச் சேலைத் தலைப்புத்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீங்கள் பிடித்த பிடி ஒரு உயிரைக் காப்பாற்றியது. அதே நேரத்தில் இன்னொரு கை, தங்கையின் கை, உங்களிடம் இல்லாமல் போய்விட்டது. இந்த இரண்டையும் உடம்பு ஒன்றாகச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறது: பிடித்தால் பிழைக்கும், விட்டால் போய்விடும். 20 வருடத்துக்கு மேல் ஆகியும் 9.10க்கு உங்கள் நெஞ்சு படபடப்பது அதனால்தான். அந்த நேரத்தில் உங்கள் உடம்புக்குக் கட்டாரும் தெரியாது, தொலைபேசி வலையமைப்பும் தெரியாது. அதற்குத் தெரிவது அலை வருகிறது என்பது மட்டும்தான்.

இது பாவம் இல்லை, தங்கச்சி. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பாவமாகச் சொல்லத் தேவையில்லை. இது காயம். காயத்துக்கு ஒறுத்தல் மருந்தாகாது, சில நேரம் கூட்டியும் விடும். நித்திரை இல்லாமல், வெறும் வயிற்றோடு, பதற்றத்தோடு ஒருசந்தி இருந்தால் அந்தப் படபடப்பு இன்னும் ஏறும், இறங்காது. திருச்சபை ஒருசந்தியைக் கட்டாயமாக்கியிருப்பது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய 2 நாள்தான், அதிலும் உடல்நலம் இல்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. மற்ற வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விடுகிற சுத்தபோசனம் போதும், ஆகவே நித்திரை சீராகும்வரை காலையில் ஏதாவது சாப்பிடுங்கள். நித்திரையில்லாத நிலை இரண்டு கிழமைக்கு மேல் போனால் அரச ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் தாங்க முடியாமல் இருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். செபிக்கிறவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நம் பெண்கள் என்னிடம் இன்றும் கேட்கிறார்கள். காலில் முள் ஏறினால் முள்ளை எடுத்துவிட்டுத்தானே முழந்தாளிடுகிறோம்?

சரி. காயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இப்போது பற்றுக்கு வருகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் காயம் மட்டும் இல்லை.

தவக்காலத்தில் நாம் விடுகிற பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் உண்மை பேசலாம். திருகோணமலையில் வெள்ளிக்கிழமை இறைச்சி விடுவது அப்படி ஒரு பெரிய காரியமா? சட்டம் இறைச்சியைத்தான் தடுக்கிறது என்று சொல்லி நண்டும் இறாலும் வாங்கிக் குழம்பு வைக்கிற வீடுகள் நமக்குத் தெரியாததா? கட்டளையை மீறவில்லை, ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் எதையும் விடவும் இல்லை. நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை, 40 நாளும் ஒழுங்காக விடுகிறீர்கள், எனக்குத் தெரிகிறது. ஆனாலும் இறைச்சி, சீனி, நாடகம் என்று நீங்கள் எழுதிய பட்டியலை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள், அதில் இருக்கிறதெல்லாம் உங்களுக்கு விடத் தெரிந்தவை. விட முடியாதது பட்டியலுக்கு வெளியே இருக்கிறது.

இதைப் பற்றி, இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் சொல்லித் தருகிற ஒரு தியானம் உண்டு. 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, படுக்கையில் கிடந்து, தன் ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பழகிய மனிதர் அவர். மூன்று வகை ஆட்களைப் பற்றிச் சொல்கிறார். மூவரிடமும் 10,000 பொற்காசு இருக்கிறது. களவெடுத்தது இல்லை, ஆனால் கடவுளுக்காக என்று சம்பாதித்ததும் இல்லை. அந்தக் காசு தங்கள் மனதை அழுத்துகிறது என்று மூவருக்கும் விளங்குகிறது, மூவரும் அந்தப் பாரத்திலிருந்து விடுபடவே விரும்புகிறார்கள். முதல் ஆள் நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் ஆளும் விடுபட விரும்புகிறார், ஆனால் காசு கையில் இருக்க வேண்டும், தான் இருக்கிற இடத்துக்குக் கடவுள் வந்து சேர வேண்டும். மூன்றாம் ஆள் காசை உடனே தூக்கி எறிகிறவர் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை! அவர் எறியவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை. வைத்திரு என்றால் வைத்திருப்பேன், கொடு என்றால் கொடுப்பேன், எது கடவுளுக்கு நல்ல சேவையோ அது ஆகட்டும் என்று கையை விரித்து வைத்துக்கொள்கிறார்.

நான் முதல் தரம் இதைக் கேட்டபோது என்னைச் சுட்டது அந்த இரண்டாம் ஆள்தான். கேட்ட ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுக்கக்கூடிய ஆள் அவர் என்றுதான் எனக்குப் பட்டது. இறைச்சி வேண்டுமா, எடுத்துக்கொள்ளும். சீனி வேண்டுமா, எடுத்துக்கொள்ளும். அந்த அலுமாரியை மட்டும் திறக்காதேயும்.

எனக்கும் ஒரு அலுமாரி இருந்தது. தாய்மாருக்காக ஒரு குழு, 11 வருடம் நானே தொடங்கி நானே நடத்தியது. ஒரு இளம் பிள்ளை பயிற்சி முடித்து வந்து, அதை எடுத்து நடத்தட்டுமா என்று பணிவாகத்தான் கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றேன். அந்தக் கொஞ்ச நாளை 2 வருடமாக இழுத்தேன். நான் இல்லாவிட்டால் அந்தத் தாய்மார் உடைந்து போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதற்காகச் செபமும் செய்தேன். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுத்துவிட்டேன், அவள்தான் நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். அந்தச் செய்தியைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அன்றைக்குத்தான் நான் இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தது அந்தத் தாய்மாரை அல்ல என்று விளங்கியது. கெட்ட பழக்கத்தின்மேல் உள்ள பற்று கெதியாக அம்பிடும். நல்லதின்மேல் உள்ள பற்று அன்பின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும், அதை அடையாளம் காண வருடங்கள் போகும்.

இப்போது மன்னியுங்கள், கொஞ்சம் கூராக ஒன்று கேட்கப் போகிறேன். அந்த 3 நாள்.

மகன் 2 வருடம் நீட்டுகிறேன் என்றதும் நீங்கள் கதைக்காமல் இருந்தீர்களே, அந்த 3 நாளும் இரவு 9 மணிக்கு உங்கள் போன் அடித்திருக்கும். யாருடைய போனுக்காக ஒவ்வொரு இரவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்களோ அவனுடைய போனைத்தான் நீங்கள் எடுக்கவில்லை. நமக்கு 9 மணி என்றால் அங்கே 6.30. அவன் வேலை முடிந்து, வியர்வையோடு, சில நேரம் குளிக்கக்கூட இல்லாமல் எடுத்திருப்பான். பாசம் மட்டும் என்றால் அந்தக் குரலைக் கேட்கத்தானே கை முதலில் போகும்? உங்கள் கை போகவில்லை. அந்த 3 நாள் உங்களிடம் இருந்தது வேறொன்று. நீ நான் சொன்ன இடத்தில் இரு, நான் பயப்படாமல் இருப்பதற்காக நீ அங்கே இரு. உங்கள் பயத்தைச் சுமக்கும் வேலையும் அவன் தலையில் ஏறியிருக்கிறது, சம்பளமில்லாத இரண்டாம் வேலை. நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் விட வேண்டியது என்ன என்று கேட்டீர்களே, அது இதுதான். மகனை அல்ல, அந்த 9 மணியை.

இசையாஸ் ஆகமம் 58ஆம் அதிகாரம் தவக்காலத் தொடக்கத்திலேயே பூசையில் வாசிக்கப்படும், கேட்டிருப்பீர்கள். தலையைக் குனிந்து சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்காருவதையா நான் விரும்புகிற நோன்பு என்கிறீர்கள் என்று கடவுள் கேட்கிறார், பிறகு நுகத்தின் கட்டை அவிழ்ப்பதுதான் தமக்கு விருப்பமான நோன்பு என்கிறார். நோன்பு இருப்பது நான், கட்டு அவிழ வேண்டியது அடுத்தவருக்கு. இதை நாம் கவனிப்பதே இல்லை. இத்தனை தவக்காலம் நீங்கள் விட்டவற்றால் யாருக்காவது கட்டு அவிழ்ந்ததா என்று ஒரு நாள் ஆறுதலாக உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் பட்டியலில் விட்டவை இருக்கின்றன, கொடுத்தவை ஒன்றும் எழுதவில்லை, ஆண்டவர் தர்மம், செபம், நோன்பு என்று மூன்றையும் ஒன்றாகச் சொன்னபோது தர்மத்தைத்தான் முதலில் வைத்தார். இந்த முறை நம் தவக்காலமும் முஸ்லிம் சகோதரர்களின் நோன்பும் சேர்ந்து வந்திருக்கிறது, எங்கள் ஒழுங்கையில் மாலையானால் கஞ்சி வீடு வீடாகப் போகிறது. பசித்திருந்தவர்கள் முதலில் அடுத்த வீட்டுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது.

இனி நான் உங்களுக்கு உண்மையிலேயே சொல்ல விரும்பிய ஆள் அன்னாள். சாமுவேலின் தாய். பிள்ளையில்லாமல் கோவிலில் அழுது, உதடு மட்டும் அசையச் சத்தமில்லாமல் அவள் செபித்ததைப் பார்த்துக் குரு ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தார். பிறகு பிள்ளை பிறந்தது. பால் மறந்த பிறகு அவனைச் சீலோவில் ஆண்டவருடைய ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். எல்லாரும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள், கொடுத்தாள், பெரிய தியாகம், ஆமென். ஆனால் அடுத்த அதிகாரத்தில் ஒரு சின்ன வசனம் இருக்கிறது, 1 சாமுவேல் 2:19. வருடாந்தப் பலிக்காகக் கணவனோடு போகும்போதெல்லாம் அவள் அவனுக்கு ஒரு சின்ன மேலாடை தைத்துக் கொண்டுபோவாள்.

தங்கச்சி, இதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஒவ்வொரு வருடமும். பிள்ளையைக் கிட்ட நிற்கவைத்து அளவெடுக்க முடியாது. போன வருடம் இவ்வளவு இருந்தான், இந்த வருடம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதாலேயே அளந்து, துணியை ஒரு விரற்கடை கூட விட்டு வெட்டியிருப்பாள். பழைய அளவில் தைத்தால் அவனுக்குப் போடேலாது. பற்று எப்போதும் பழைய அளவில்தான் தைக்கும். உங்கள் மனதில் உங்கள் மகனுக்கு இன்னும் 7 வயது, அவன் மணிக்கட்டு இன்னும் உங்கள் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, அவனுக்கோ 28. அன்னாள் விட்டுவிட்டாள், ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை. வளர்ந்த அளவுக்குத் தைத்தாள். கிறிஸ்தவப் பற்றின்மை எது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் அந்த மேலாடையைத்தான் காட்டுவேன்.

பால் மறப்பதைப் பற்றியும் ஒன்று. நீங்கள் ஒரு பிள்ளைக்குப் பால் மறக்கடித்த தாய், அந்த இரவுகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை அழும், தாயும் அழுவாள். சில நாள் போனபின் அதே பிள்ளை அதே மடியில் வந்து உட்காரும், இந்த முறை பாலுக்காக இல்லை, அம்மாவுக்காக. 131ஆம் சங்கீதத்தில் ஆன்மா அப்படிப் பால் மறந்த குழந்தை தாய் மடியில் இருப்பதுபோல அமைதியாக இருக்கிறது என்று வருகிறது, மூன்றே மூன்று வசனம், மனப்பாடம் ஆகிவிடும். இதுவரை நான் உங்களைத் தாயாகவே பார்த்து எழுதினேன், இந்தச் சங்கீதத்தில் நீங்கள்தான் குழந்தை. மகன் பத்திரமாக இருக்கிறான் என்ற செய்தி கிடைத்தால்தான் கடவுளின் மடியில் அமைதியாக இருப்பேன் என்பது பாலுக்காக இருப்பது. அந்தச் செய்தி வருவதற்கு முன்னுள்ள 10 நிமிடம் இருக்கிறதே, 9 மணிக்கும் 9.10க்கும் இடையில், அந்த 10 நிமிடம்தான் உங்களுடைய வனாந்தரம். சீனி அல்ல.

சுதந்திரம் என்று சுவாமி சொன்னது இதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பயம் வராமல் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். சிலுவைப்பாதையில் 4ஆம் நிலையில் மாதா நிற்கிறாரே, அவருக்குப் பயம் இல்லையா, வலி இல்லையா? ஆனால் அவர் மகனின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுக்கவில்லை. மகன் போகிற வழியிலேயே வந்து நிற்கிறார். அந்த நிலைக்கு வரும்போது வழக்கமான செபத்தைச் சொல்லி முடித்ததும் இன்னும் கொஞ்சம் நின்று அந்த முகத்தைப் பாருங்கள், வேறொன்றும் செபிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், முதலில் இன்றைக்கோ நாளைக்கோ மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீட்டமாக வேண்டாம். "அந்த 3 நாள் நான் கதைக்காமல் இருந்தது பிழை மகன், எனக்குப் பயம் வந்துவிட்டது, அதை உன்மேல் போட்டுவிட்டேன்" என்று சொன்னால் போதும், அழுகை வந்தால் வரட்டும். ஒப்பந்தம் பற்றி உன் முடிவு எதுவோ அதைச் செய் என்று சொல்ல உங்களுக்கு இப்போது வாய் வராவிட்டால் பொய்யாகச் சொல்ல வேண்டாம், அது பிறகு வரும். அதற்குப் பதிலாக அவனிடம் அவனைப் பற்றிக் கேளுங்கள். ஏன் பிந்தினாய் என்பதற்கு முதல், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், அறையில் யாரோடு இருக்கிறாய், அங்கே பூசைக்குப் போக முடிகிறதா, ஏன் இன்னும் 2 வருடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய். கடைசிக் கேள்வியை நீங்கள் அவனிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அதற்கு அவனிடம் ஒரு பதில் இருக்கும், கேட்கப்படாததால் சொல்லாமல் வைத்திருக்கிறான்.

அப்புறம் அந்த 10 நிமிடம். கிழமையில் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் போய் வந்த பிறகு, போனை வேறு அறையில் வையுங்கள். மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை நீ விரும்பின நேரம் எடு, எடுக்காவிட்டாலும் சரி, சனிக்கிழமை கதைப்போம் என்று. சொல்லாமல் செய்தால் அவன் பதறிவிடுவான், அதுவும் ஒரு தண்டனையாகப் போகும். வட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கும்போது கிடைக்கிற நிம்மதி அந்த நிமிடத்துக்குத்தான், ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் "பார்த்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை" என்று மூளை பாடம் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் அடுத்த தரம் இன்னும் கெதியாகப் பார்க்கச் சொல்கிறது. பார்க்காமல் இருந்தால் படபடப்பு முதலில் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். அந்த நேரம் மூச்சை மெதுவாக விடுங்கள், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், விடும்போது அந்தச் சங்கீதத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சுனாமியைக் கண்டவர் என்பதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: படபடப்பு இறங்காமல் கடலின் சத்தமும் அந்தக் காலைக் காட்சியும் கண்ணுக்கு முன் வந்தால் உடனே நிறுத்தி விளக்கைப் போடுங்கள், போனைத் தயங்காமல் எடுங்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். அப்படி வந்தால் அது தனியாகச் செய்கிற பயிற்சி இல்லை, யாராவது கூட இருந்து செய்ய வேண்டியது. அதில் தோல்வி என்று ஒன்றும் இல்லை.

இந்தத் தவக்காலத்துக்கு இது ஒன்று போதும். சீனியை வேண்டுமானால் போட்டுக் குடியுங்கள்.

ஓய்வாக இருக்கிற ஒரு பகலில் கறித்தூளுக்கு மல்லியும் செத்தல் மிளகாயும் வறுங்கள். கட்டாருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம். முன்பு அவன் உறைப்புச் சாப்பிடமாட்டான் என்றால் இப்போது எப்படி என்று கேட்டு அதன்படி இடியுங்கள். அதுதான் உங்கள் மேலாடை. இன்னும் ஒரு பங்கு கூட வறுத்து, உங்கள் கோவில் பங்கில் பிள்ளை வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கிற இன்னொரு தாய் கட்டாயம் இருப்பார், அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாடகம் பார்க்காத அந்த நேரத்தில் அவரோடு இருந்து கதைத்துவிட்டு வாருங்கள்.

தங்கையைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் நீங்களும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அவருடைய பெயரைக்கூட எழுதவில்லை. மகனைப் பிடித்த பிடியின் அடியில் தங்கைக்காக அழாத அழுகை இருக்கிறது என்று நினைக்கிறேன், பிழையாக இருந்தால் திருத்துங்கள். அவருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள், சுவாமியிடம் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பீடத்திலிருந்து அந்தப் பெயர் சத்தமாக வாசிக்கப்படுவதை இருந்து கேளுங்கள்.

கடற்கரைக்குப் போகாமல் இருப்பது உங்கள் உரிமை, யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, தவக்கால முயற்சி என்று சொல்லி நீங்களும் உங்களை இழுக்க வேண்டாம். உயிர்ப்புக்குப் பிறகு, ஒரு நாள், போய்ப் பார்க்கலாமா என்று மனதில் பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டச்சுக்குடாப் பக்கம் போவோம், அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள், கடலை விற்பார்கள். இறங்கத் தேவையில்லை, வீதியோரக் கட்டில் இருந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே ஓட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம். மாலை 5 மணிக்குப் பிறகு வெயிலும் தணிந்திருக்கும்.